வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நடந்ததையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் பகுதியில் சென்ற வாரம் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "பேசித் தீர்க்க வழி இருக்கும்போது வேலையை நிறுத்துவது மிரட்டல்தான். நிறுத்துகிறவர்களை நீக்கிவிட்டுப் புது ஆட்களை எடுக்க வேண்டும்" என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போராட்டம் என்று செய்தி வந்தாலே டீக்கடையிலும் இதே பேச்சுதான். நல்ல மனிதர்கள்கூட இப்படிப் பேசுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தனியார் ஐ.டி.ஐ. ஒன்றில் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை. என்னிடம் படித்த பையன்கள் அந்த வட்டாரத்துக் கம்பெனிகள் பலவற்றில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர் அவன். தகட்டை அழுத்தி வெட்டி வளைக்கிற பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையையும் பட்டனில் வைத்து அழுத்தினால்தான் மேலிருந்து ராம் என்கிற கனமான பாகம் இறங்கும். தகடு வைக்கிற அச்சான டைக்குள் கை இருக்கும்போது மெஷின் ஓடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அது போதாதென்று முன்பக்கம் சென்சாரும் உண்டு, குறுக்கே கை போனால் மெஷின் நின்றுவிடும். முதல் வருடப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அந்தக் கம்பெனியில் ஷிஃப்ட் டார்கெட்டை ஏற்றினார்கள். ஏற்றியதும், ஒரு கையால் தகடு வைத்துக்கொண்டே இன்னொரு கையால் ஓட்டட்டும் என்று ஒரு பட்டனை எப்போதும் அழுந்தியே இருக்கும்படி கட்டிவிட்டு, சென்சார் இணைப்பையும் கழற்றிவிட்டார்கள். ஒரு பீஸுக்குச் சில விநாடி மிச்சம், அவ்வளவுதான்.

பையன்கள் சும்மா இருக்கவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். ஷிஃப்ட் நோட்டில் எழுதி வைத்தார்கள். ஹெச்.ஆர். அறைக்குப் போய் நின்றார்கள். "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வந்தது. பிறகு ஒரு நைட் ஷிஃப்டில் என் மாணவனுக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. ஃபைல் பிடித்து மட்டம் பார்க்க நான் பழக்கிய கை அது.

அந்த இரவே பிரஸ் ஷாப் மொத்தமும் வெளியே வந்து கேட் அருகே உட்கார்ந்துவிட்டது. நோட்டீஸ் இல்லை, தலைவர் இல்லை, கொடியும் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் எல்லா மெஷினிலும் சென்சார் மறுபடி வேலை செய்தது, பட்டனில் இருந்த கட்டும் போனது. ஓர் எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை. அதுவரை அதைச் செய்ய யாருக்கும் நேரம் வரவில்லை. உட்கார்ந்தவர்களில் சிலருக்கு அப்புறம் சஸ்பென்ஷன் ஆர்டரும் வந்தது.

அன்பரைக் கேட்கிறேன்: அந்தப் பையன்கள் செய்தது மிரட்டலா?

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், ரயில், மின்சாரம், குடிநீர் போன்ற பொதுச் சேவைகளில்தான் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை எல்லாத் தொழிற்சாலைக்கும் நீட்டிவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் எடுத்தாலும் அது வேலைநிறுத்தக் கணக்கில் வந்துவிடும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரைக்கும் வேலையை நிறுத்தக் கூடாது. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி கூட்டும் முதல் கூட்டத்திலேயே பேச்சு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆக, நோட்டீஸ் கொடுத்த 14 நாளுக்குள் அவர் ஒரு கூட்டம் போட்டுவிட்டால் குறித்த தேதியில் வேலையை நிறுத்த முடியாது. மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பட்டனைக் கட்டிவைத்த பிரஸ்ஸின் முன்னால் நிற்பவன் 14 நாள் எப்படிக் காத்திருப்பான்?

2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அன்பர் எடுத்துக் காட்டியிருந்தார். தமிழக அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறக்குறைய 1.7 லட்சம் பேர் ஒரே மூச்சில் நீக்கப்பட்ட வழக்கு அது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியோ தார்மீகமாகவோ உரிமை இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது உண்மைதான். அது அரசு ஊழியர் வழக்கு என்பதை அன்பர் விட்டுவிட்டார். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். தார்மீகம் என்று வரும்போது என் மாணவனின் கையைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன்.

சாம்சங் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 9ஆம் தேதி ஆரம்பித்து 37 நாள் ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளர்கள் வெளியே இருந்தார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் போட்டிருந்த பந்தலைப் போலீஸ் அகற்றியது, கைதுகளும் நடந்தன. சம்பளம் கூட்டித் தரவில்லை என்று மட்டும் நடந்த போராட்டம் இல்லை அது. எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள், அதனோடு உட்கார்ந்து பேசுங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை. சங்கம் வைக்க 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் உரிமை கொடுத்திருந்தும், அந்தச் சங்கத்தைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பதிவானது 2025 ஜனவரியில். பேசித் தீர்க்கலாமே என்கிற அன்பர் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வேலையை நிறுத்தியதே பேசுவதற்காகத்தான்.

முதலீடு ஓடிவிடும் என்று அப்போது பயமுறுத்தாதவர் இல்லை. அதே ஆலையில் சாம்சங் மேலும் 1,000 கோடி ரூபாய் முதலீடு செய்யப்போவதாக 2025 ஏப்ரலில் தொழில்துறை அமைச்சர் டி.ஆர்.பி. ராஜாவே அறிவித்தார்.

வேலைநிறுத்தம் என்றாலே சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவைப் பூட்டிவிட்டுப் போராடுவதை என்னால் ஏற்கவே முடியாது. போராட்டத்தில் சேராமல் வேலைக்கு உள்ளே போகிற பிழைப்புக்காரனை வழிமறித்து அடிப்பதும் போராட்டம் ஆகாது. யார் தலையில் கஷ்டம் விழுகிறது என்று பார்க்கிற பொறுப்பு சங்கத்துக்கு உண்டு. 2024 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் அரசுப் பேருந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குத் தர வேண்டிய அகவிலைப்படி அதில் ஒரு முக்கியக் கோரிக்கை. பண்டிகைக்கு ஊருக்குப் போகும் மக்கள் என்ன செய்வார்கள் என்று உயர் நீதிமன்றம் கேட்டதும் சங்கங்கள் தற்காலிகமாக நிறுத்திவைத்தன. அது சரியான முடிவு. ஆனால் பண்டிகை முடிந்ததும் அந்தப் பெரியவர்களின் பாக்கியை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

வேலையை நிறுத்துகிறவன் ஆசைக்காக நிறுத்துவதில்லை. என் பழைய மாணவர்கள் வீடுகளை எனக்குத் தெரியும். சம்பளம் வராத முதல் மாதம் வண்டிக்கு இ.எம்.ஐ. தவறும், இரண்டாவது மாதம் மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போகும், பிள்ளையின் ஸ்கூலிலிருந்து ஃபீஸ் கேட்டு மெசேஜ் வரும். காண்ட்ராக்டில் இருப்பவன் நிலை இன்னும் மோசம், மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்தும் ஒருவன் வெளியே வந்து உட்காருகிறான் என்றால், உள்ளே அவன் கேட்டுப் பார்த்த வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

வ.உ.சி. கப்பல் விட்டதைப் பள்ளியில் படித்தோம். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றதை எத்தனை பேர் படித்தோம்? கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு ஒன்பது நாள் வேலைநிறுத்தம். கடைசியில் நிர்வாகம் கூலியைக் கூட்டியது, வேலை நேரத்தைக் குறைத்தது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கொடுத்தது. வ.உ.சி.க்குச் சிலை வைத்து மாலை போடுகிற நாம், அன்று அவர் செய்ததை இன்று ஒருவன் செய்தால் வேலையைவிட்டு நீக்கச் சொல்கிறோம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைநிறுத்தச் செய்தி போடும்போது இத்தனை கோடி உற்பத்தி இழப்பு என்று முதல் வரியிலேயே போடுகிறீர்கள், அது நிர்வாகம் கொடுக்கும் கணக்கு. அதன் பக்கத்திலேயே இன்னும் மூன்று விவரம் போடுங்கள். தொழிலாளர்கள் கோரிக்கை மனு கொடுத்த தேதி, தொழிலாளர் துறை சமரசக் கூட்டம் போட்ட தேதிகள், அதில் எத்தனை கூட்டத்துக்கு நிர்வாகத்தின் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் வந்தார் என்பது. மூன்றும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கக்கூடியவை. உங்கள் நிருபர்கள் ஒரு முறை கேட்டு வாங்கிப் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
காஞ்சிபுரம்.