சேகருக்கு, லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி

டேய் சேகரு,

எப்படிடா இருக்க? "இங்கயும் விஆர்எஸ்னு விருப்ப ஓய்வு லிஸ்ட் போடுறாங்களாம்டா, என்ன பண்றது"ன்னு ஒரே வரில கேட்டுட்டு போயிட்ட. வாய்ஸ் நோட் போடலாம்னு ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், பாதில தொண்டை அடைக்குது, அதான் டைப் பண்றேன். நீளமா போகும், டீய போட்டுட்டு உக்காரு.

எனக்கு நடந்தது உனக்கு அரைகுறையாதான் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழம, கேன்டீன்ல சாப்ட்டு கை கழுவிட்டு இருக்கேன், எச்ஆர்ல கூப்புடுறாங்கன்னு ஒரு பையன் வந்தான். நம்ம லைனயே மூடுறாங்களாம், எழுதிக் குடுத்தா இவ்ளோ, குடுக்கலன்னா சட்டப்படி என்னவோ அது. 28 வருஷம், பேசி முடிக்க 20 நிமிஷம். எதுத்தாப்ல உக்காந்திருந்த பொண்ணுக்கு என் மக வயசு, பேப்பர நகத்தும்போது அதுக்கே கை நடுங்குது, நான்தான் "பரவால்லமா"ன்னு சொல்லிட்டு வந்தேன். வெளிய வந்தப்புறம்தான் யோசிச்சேன், என்னடா பரவால்ல?

சரி, காசு விஷயம். உன் கழுத்துல ஐடி கார்டு தொங்குற வரைக்கும்தான் எச்ஆர் உன் போன எடுப்பாங்க, அதனால இப்பவே கேட்டு வாங்கிக்க. பிஎஃப்ல உன் பேரு, பொறந்த தேதி, சேந்த தேதி எல்லாம் ஆதார்ல இருக்குற மாதிரி இருக்கான்னு பாரு, எனக்கு அப்பா பேர்ல ஒரு எழுத்து மாறிப்போய் ரெண்டு மாசம் இழுத்துச்சு. கிராஜுவிட்டிய, அதான் வேலய விடும்போது கம்பெனி மொத்தமா குடுக்குற பணம், கைக்கு வர்ற சம்பளத்த வச்சு மனசுல கணக்கு போட்டு வச்சிருந்தேன், முட்டாள், கடைசி பேசிக்கும் டிஏங்குற பஞ்சப்படியும் மட்டும் கூட்டி, 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, அத சர்வீஸ் வருஷத்தால பெருக்குனாங்க, எனக்கு போட்ட கணக்கு அதுதான். பிஎஃப் பென்ஷன்னு ஒன்னு இருக்கேன்னு ரொம்ப நம்பாத. எனக்கு 58ல எடுத்தாலே மாசம் 4,000 சொச்சம்தான் வரும்போல, 50 தாண்டிட்டா முன்னாடியே எடுக்கலாம், ஆனா 58க்கு எத்தன வருஷம் பாக்கியோ வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டிருவான், அந்த வெட்டு சாகுற வரைக்கும். நான் தொடல.

உனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் ஸ்கீம் இருக்குல்ல, 60 ஆகணும்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க, ஆனா 55 முடிஞ்சு இப்படி வெளிய வந்தவங்களும் செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்த 3 மாசத்துக்குள்ள போடலாம். நான் கடைசியா பாத்தப்ப வட்டி 8.2 சதவீதம், 3 மாசத்துக்கு ஒரு தடவ வந்துரும். எனக்கு அப்ப 55 ஆக 5 மாசம் கொறச்சல், ஜன்னல்கிட்ட போய் நின்னுட்டு திரும்பி வந்து பேங்க்ல எஃப்டி போட்டேன். நீ ஒன்பதாவதுல ஃபெயிலாகி ஒரு வருஷம் உக்காந்தல்ல, அதுக்கு பலன் இப்பதான்டா கெடைக்கப் போவுது.

நான் கோட்ட விட்டது மெடிக்கல் இன்சூரன்ஸ். கம்பெனி குரூப் பாலிசி கடைசி நாளோட செத்துப்போச்சு. கெளம்புறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா அதே இன்சூரன்ஸ் கம்பெனில தனி பாலிசியா மாத்திருக்கலாம், ஏற்கனவே இருக்குற வியாதிக்கு கிளைம் பண்ண இத்தன வருஷம் காத்திருக்கணும்னு வைப்பாங்கல்ல, குரூப்ல இருந்த வருஷத்த அதுல கழிச்சிருப்பாங்க. யாரும் சொல்லல, நானும் கேக்கல. புதுசா எடுத்தேன், என் வீட்டுக்காரிக்கு சுகர் இருக்குல்ல, அது சம்பந்தமா எது வந்தாலும் 3 வருஷம் கைக்காசுதான். எந்த மெஷினா இருந்தாலும் உடையறதுக்கு முன்னாடி பேரிங் மாத்துற ஆளு நானு, அதுக்கு ஷீல்டெல்லாம் குடுத்தாங்க, என் வீட்டுக்குன்னு வரும்போது பாரு.

அப்புறம் பணம் வந்த வாசனை எப்படித்தான் தெரியுதோ. ஒரு மச்சான் பிளாட் காட்டுறான், ஒருத்தன் மாசாமாசம் வட்டிங்குறான். ஒரு வருஷத்துக்கு எதுலயும் கைய வைக்க மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், பாதி பேரு போன் பண்றதையே நிறுத்திட்டான், நல்லதுதான்.

வீட்டுல இருக்குறதுதான்டா பெரிய கஷ்டம். மொத வாரம் சும்மா இருக்க முடியல, கிச்சன்ல பூந்து, ஃபேக்டரில எல்லாத்தயும் ஒழுங்கா அடுக்கி வைப்போமே, அந்த ஃபைவ் எஸ் பண்ணேன். டப்பாவுக்கெல்லாம் லேபிள், தேவையில்லாததுக்கு ரெட் டேக். என் வீட்டுக்காரி ஆசையா வச்சிருந்த அவ அம்மா வீட்டு பித்தள சொம்புக்கும் ரெட் டேக் போட்டுட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் சொன்னா, "உங்களுக்கு வேல போச்சு சரி, என் வேலய ஏன் புடுங்குறீங்க"ன்னு. நான் ஷிஃப்டுக்கு போன இத்தன வருஷத்துல அவளுக்குன்னு பகல்ல ஒரு ஒலகம் இருந்திருக்கு, பதினோரு மணிக்கு எதுத்த வீட்டக்கா வரும், வாசல்ல உக்காந்து ரெண்டு பேரும் பேசுவாங்க, எனக்கு தெரியவே தெரியாது. இப்ப பதினோரு மணிக்கு நான் லைப்ரரிக்கு போயிடுறேன்.

பாப்பாவுக்கு ஒரு எடம் வந்துச்சு. அப்பா என்ன பண்றாருன்னு அவங்க கேட்டாங்க, நான் வாய் திறக்குறதுக்குள்ள அவளே "அப்பாவுக்கு வேலை போயிடுச்சு"ன்னு சொல்லிட்டா, விஆர்எஸ்னுகூட சொல்லல. எனக்கு சுருக்குனுச்சு. அந்த எடம் அமையல, காரணம் அதுதானான்னு யாரும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி "இதுல மறைக்க என்னப்பா இருக்கு"ன்னு கேட்டா, பதில் சொல்லத் தெரியல.

இப்ப அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன லேத் பட்டறைக்கு வாரம் 3 நாள் போறேன். ஓனருக்கு 31 வயசு, அண்ணன்னு கூப்புடுவான். பழைய சம்பளத்துல கால்வாசி தேறுனா பெருசு. ஆனா கையில ஆயில் பட்டுட்டு வீட்டுக்கு வந்தா தூக்கம் வருது.

நீ வீட்டுல சொல்லிட்டியா? லிஸ்ட் வரட்டும்னு இருக்காத, இன்னிக்கே உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு. உன் பேரு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போன் பண்ணு. 5.40க்கு பூந்தமல்லில நம்ம பழைய கம்பெனி பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டு போவும், இன்னும் முழிப்பு வருது. அதுக்கு மேல எப்ப அடிச்சாலும் எடுப்பேன்.

முரளி