அந்த அக்கா எந்தக் கணக்கில் வருவார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நேபாளத்தைப் பார், இலங்கையைப் பார் என்று எழுத்தறிவு சதவீதத்தை வரிசைகட்டிப் பேசுபவர்கள், கணக்கில் சேர்க்கும் வயதே நாட்டுக்கு நாடு வேறு என்பதைக் கவனிப்பதில்லை. நாம் 7 வயதிலிருந்து கணக்கிடுகிறோம், நேபாளம் 5-லிருந்து, இலங்கையும் பாகிஸ்தானும் 10-லிருந்து. நேபாளத்தின் 2021 கணக்கெடுப்பு 76.2 சதவீதம் என்கிறது, அதில் இப்போதுதான் பள்ளிக்கூடம் போன வாண்டுகளும் அடக்கம். அதை நம்முடைய 2011-ன் 73-ஓடு வைத்து யார் முந்தி என்று எப்படிச் சொல்வது?

சரி, வயதை விடுங்கள். 1991-ல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் நான் தொண்டர். பகலெல்லாம் குவாரியில் கல் உடைத்துவிட்டு, வீட்டில் உலை வைத்து இறக்கிவிட்டு, ராத்திரி எட்டு மணிக்குமேல் பெண்கள் படிக்க வருவார்கள். ஒரு அக்காவுக்குக் கை காய்த்துப்போய் சிலேட்டுக் குச்சி பிடிக்கவே வராது, விரல் இடுக்கில் வைத்துக்கொண்டு 'அ'வை எழுதி எழுதி அழிப்பார். சைக்கிளும் அப்போதுதான் பழகினார். போன வருடம் அவரை ஒரு வங்கியில் பார்த்தேன். எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார், அப்புறம் பாஸ்புக்கை என்னிடம் நீட்டி "எவ்வளவு தம்பி கிடக்கு?" என்றார். சைக்கிள் மறக்கவில்லை, தினமும் ஓட்டினார். படிக்கத்தான் அதன்பிறகு அவர் கைக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் வீட்டில் கேட்டால் "எழுதப் படிக்கத் தெரியும்" என்றுதான் சொல்வார்கள், கணக்கெடுப்பவரும் பெரும்பாலும் அதைத்தான் குறித்துக்கொள்வார்.

இலங்கைக்கு இந்தப் பாடு குறைவு. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியில் 1945-லேயே இலவசக் கல்வி வந்துவிட்டதால் அங்கே பாட்டிமாரும் பள்ளிக்கூடம் போனவர்கள். (மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளை மட்டும் அரசு 1970-களில்தான் எடுத்துக்கொண்டது, அந்தப் பாட்டிமாரின் கதை வேறு.) நாம் பின்பற்ற வேண்டியது வங்கதேசத்தை. வாயால் கேட்பதோடு நிற்காமல், 2011-ல் அங்கே தனி ஆய்வு நடத்தி, படிக்க, எழுத, கணக்குப் போட வருகிறதா என்று சோதித்தே பார்த்தார்கள்.

2027-ல் நமக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. எல்லா வீட்டிலும் முடியாதுதான். ஊருக்குப் பத்து வீட்டிலாவது ஒரு தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும், உங்கள் நாளிதழின் நாலு வரி போதும்.

- முன்னாள் அறிவொளித் தொண்டர்,
புதுக்கோட்டை மாவட்டம்