தகுதிக் கேள்வி யாரை நோக்கி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியும் கணவன்மார்களே ஆட்சி நடத்துகிறார்கள் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட நிலைமை பொய்யல்ல. ஆனால் "முதலில் பெண்களைத் தகுதிப்படுத்துவோம், பிறகு பதவி தருவோம்" என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை வார்டு உறுப்பினராக இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊராட்சித் தலைவரும் பெண்தான். தொடக்கத்தில் அவர் கணவர்தான் எல்லாம். ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் என்றால் கணவர் முன்வரிசையில் அமர்வார். அதிகாரிகள் அவரைத்தான் "தலைவரே" என்று அழைப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பில் தொகையை விடுவிக்க வரும் ஓ.டி.பி. எண் யாருடைய கைப்பேசிக்குப் போனது தெரியுமா? கணவருடையதற்கு. பதவியேற்ற வாரத்திலேயே படிவத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டவர்கள் அலுவலக ஊழியர்கள். "உங்கள் எண் என்னம்மா?" என்று தலைவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. இப்படி ஒரு பெண்ணைப் பின்வரிசைக்குத் தள்ளுவதில் கணவருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அரசு அலுவலகத்துக்கும் உண்டு. இந்தப் பாதியைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.

அதே தலைவர் பின்னாளில் மாறினார். குடிநீர்த் தொட்டி மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) புதிதாகக் கட்டியதாக ஒரே மாதத்தில் இரண்டு பில்கள் மன்றக் கூட்டத்துக்கு வந்தன. "மோட்டார் கிணற்றைவிட்டு மேலே வரவே இல்லையே, எந்தக் கடையில் காயில் கட்டினீர்கள்?" என்று அவரே கேட்டார். கூட்டம் அடங்கிப்போனது. தினமும் அந்தத் தொட்டியடியில் குடத்தோடு நின்றவருக்கு மோட்டார் ஓடியதா நின்றதா என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பில் தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. அதன்பிறகு கூட்டங்களுக்குத் தனியாகவே வந்தார். அவர் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படித்துத் தேறி அங்கே வந்து சேரவில்லை. பதவியில் இருந்ததால்தான் அந்த பில்லைப் பார்க்கவே முடிந்தது.

"தகுதி" என்ற பேச்சு நம் நாட்டில் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சாய்கிறது. 1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தபோதே சொத்துத் தகுதி குறுக்கே நின்றது. வீடும் நிலமும் ஆண்கள் பெயரில் இருந்த காலத்தில் அந்த உரிமை எத்தனை பெண்களுக்குக் கிட்டியிருக்கும்? 2015-இல் ஹரியானா அரசு ஊராட்சித் தேர்தலில் நிற்கக் கல்வித் தகுதி விதித்தது. பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கு எட்டாம் வகுப்பு. சலுகைபோலத் தெரியும். ஆனால் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்களும் தலித் மக்களும்தான் பெருமளவில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டு டிசம்பரில் அதைச் செல்லும் என்றது. சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கல்வித் தகுதி எதுவும் இல்லாத நாட்டில், தெருவிளக்கும் குடிநீரும் பார்க்கிற ஊராட்சி உறுப்பினருக்கு மட்டும் சான்றிதழ் எதற்கு? ராஜஸ்தான் இதே போன்ற விதியைக் கொண்டுவந்து, பிறகு 2019-இல் நீக்கியது.

கணவர்கள் ஆளும் பிரச்சினையை ஆராய மத்திய ஊராட்சி அமைச்சகம் 2023-இல் ஒரு குழு அமைத்தது. பினாமியாக ஆட்சி நடத்துகிறவர்களுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. வரவேற்கிறேன். ஆனால் தண்டனை கடைசியில் பதவி இழந்த பெண்ணின் தலையில் விடிந்துவிடக் கூடாது. கணவரை எதிரே உட்காரவைத்து ஆய்வுக் கூட்டம் நடத்துகிற அதிகாரியிடமும் விளக்கம் கேட்க வேண்டும்.

மேலே போகப் போக நிலைமை இன்னும் மோசம். மகளிர் இடஒதுக்கீடு மசோதா முதன்முதலில் 1996 செப்டம்பரில், தேவகவுடா ஆட்சியில், மக்களவைக்கு வந்தது. 2010-இல் மாநிலங்களவை நிறைவேற்றியும் மக்களவையில் எடுக்கப்படாமலே போனது. கடைசியில் 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரித்து, 2 பேர் மட்டும் எதிர்த்து, மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லாமல் சட்டமானது. அத்தனை ஒற்றுமையோடு நிறைவேற்றிய சட்டத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்கள்: அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்பின் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை. 2024 தேர்தல் அந்த ஒதுக்கீடு இல்லாமலே நடந்தது. 543 பேரில் 74 பெண்கள் வென்றார்கள். அதற்கு முந்தைய மக்களவையில் 78 பேர். சட்டம் வந்தபின் எண்ணிக்கை குறைந்ததுதான் மிச்சம்.

டிக்கெட் கொடுப்பதற்குக் கட்சிகள் கணக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2019-இல் பிஜு ஜனதா தளம் ஒடிசாவின் 21 மக்களவைத் தொகுதிகளில் 7-ஐப் பெண்களுக்குத் தந்தது. ஐந்து பேர் வென்றார்கள். அதே தேர்தலில் திரிணமூல் காங்கிரஸ் 42 இடங்களில் 17 பெண்களை நிறுத்தியது. நம் மாநிலத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் 117-ஐப் பெண்களுக்கு ஒதுக்கியது. அவர்களில் ஒருவரும் வெல்லவில்லை என்பது வேறு விஷயம். வேட்பாளர்களாகப் பெண்கள் கிடைக்கவில்லை என்ற சாக்கு அன்றோடு செத்துவிட்டது. வெற்றி வாய்ப்புள்ள பெரிய கட்சிகள் எல்லாம் சேர்ந்தும் அந்தப் பேரவைக்கு அனுப்பிய பெண்கள் 12 பேர். மாநிலங்களவை இன்னும் வெளிப்படை. 2023 சட்டம் அந்த அவையைத் தொடவே இல்லை. அங்கே யாரை அனுப்புவது என்பதைக் கட்சித் தலைமைதான் முடிவு செய்கிறது. அங்கும் பெண்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம், தலைமைக்கு மனமில்லை என்பதைத் தவிர வேறென்ன?

கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதாத இன்னொரு கூட்டமும் இருக்கிறது. திருநங்கையரும் திருநம்பியரும் தகுதியை நிரூபிப்பதற்கு முன்பே தாங்கள் யார் என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் மக்கள் திருநங்கை கமலா ஜானை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவி பெண்களுக்கானது, இவர் ஆண் என்று சொல்லி நீதிமன்றத்தில் அதைப் பறித்துவிட்டார்கள். வாக்களித்த ஊருக்கு அவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகும் தொல்லை ஓயவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் பெண்களுக்கான ஊராட்சி இடத்தில் நின்ற ஒரு திருநங்கையின் மனுவை அதிகாரி நிராகரித்தார். 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டு அனுமதித்தது; அவர் வென்றும் காட்டினார். நம் வேலூர் மாநகராட்சியின் 37-ஆவது வார்டில் 2022-இல் திருநங்கை கங்கா வென்றார். மக்கள் எப்போதோ தயாராகிவிட்டார்கள்.

ஆனால் 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைச் சட்டத்தில் இடஒதுக்கீடு இல்லை. அதற்கு முன் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் அது இருந்தது. 2015 ஏப்ரலில் மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது; மக்களவையைக் கடக்கவில்லை. கர்நாடகம் 2021-இல் அரசுப் பணிகளில் ஒரு சதவீதம் ஒதுக்கியது. அவைகளில் அமர்வதற்கு அந்த ஒதுக்கீடு வழி வகுக்கவில்லை. மகளிர் ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

2025-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்தது. தேர்தல் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு அது உண்மையான வாசல். அதே வழியில் திருநருக்கும் ஊராட்சி ஒன்றியத்திலும் நகராட்சியிலும் இடம் தரலாம். இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வேண்டாம், தொகுதி மறுவரையறையும் வேண்டாம்.

தங்கள் இதழிடமும் ஒன்று கேட்கிறேன். தேர்தல்தோறும் வேட்பாளர் பட்டியல்கள் வெளியாகும் நாளில் ஒவ்வொரு கட்சிக்கும் நேரே எண்ணிக்கையை அச்சிடுங்கள். மொத்தம் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, திருநர் எத்தனை, அவர்களில் எத்தனை பேருக்குக் கட்சி சென்ற முறை வென்ற தொகுதி தரப்பட்டது என்ற கடைசிக் கணக்கைத் தவறாமல் போடுங்கள். தோற்கும் தொகுதிகளைத் தள்ளிவிட்டு மகளிருக்கு வாய்ப்பளித்தோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஒரு பத்தியில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்,
தஞ்சாவூர் மாவட்டம்.