மூக்குடைந்த பிஷப்

ஹாலே, ஜெர்மனி, ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

நலம். நீ, கலா, குட்டி எல்லோரும் நலம்தானே? எட்டு மாதமாகக் கடிதம் இல்லை, போனையும் எடுக்கவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்துவை, வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. லேபில் அதே வேலை. மொட்டை கனடாவிலிருந்து பேசினான், அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றி இன்னும் மூச்சு விடவில்லை.

போன மாதம் மெர்செபுர்க் போனேன். பக்கத்து ஊர்தான், ஆறு வருஷமாகப் போனதில்லை. ஸாலே ஆற்றை ஒட்டிய மேட்டில் பெரிய தேவாலயம். 1015இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் தீட்மார் என்ற பிஷப். அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். 1012இல் லத்தீனில் ஒரு வரலாறு எழுத ஆரம்பித்து, 1018 டிசம்பரில் சாகிறவரை விடாமல் எழுதியிருக்கிறார். எட்டுப் பாகம். ஜெர்மன் மொழிபெயர்ப்பை நூலகத்திலிருந்து எடுத்துவந்தேன். மூன்று வாரமாக எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ராஜாங்கம் சார் வகுப்பில் தூங்கினவனா இது என்று சிரிக்காதே. அரசர்கள், சண்டை, கீவ் நகரத்தில் நானூறுக்கு மேல் தேவாலயம், எட்டுச் சந்தை, எல்லாம் வருகிறது. நடுவில் திடீரென்று தன்னைப் பற்றிச் சொல்கிறார். ஆள் குள்ளமாம். இடது தாடையில் புண் வெடித்து, இன்னும் வீங்குகிறதாம். சின்ன வயதில் மூக்கு உடைந்ததால் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வருகிற முகமாம். அதோடு விட்டாரா? இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், உள்ளே அதைவிட மோசம், கோபக்காரன், பொறாமைக்காரன், நானே கேலிக்குரியவன், இந்த அழகில் அடுத்தவனைக் கேலி செய்கிறேன் என்கிறார். நாமெல்லாம் அடுத்தவன் மூக்கை உடைக்கத்தான் பேனா எடுப்போம்.

994இல் நடந்த ஒன்றைக் கேள். இவருக்கு அப்போது பதினெட்டு வயது. எல்பே ஆற்றில் கடற்கொள்ளையர்களோடு நடந்த சண்டையில் ஒரு தாய்மாமன் செத்துப்போகிறார், இரண்டு பேர் பிடிபடுகிறார்கள். சீக்ஃப்ரீட் என்ற மாமனுக்குப் பிள்ளை இல்லை, ஆகவே அவருக்குப் பதில் பிணையாகச் சகோதரியின் மகன் ஒருவனை அனுப்ப முடிவாகிறது. தீட்மாரின் அண்ணன் தம்பிகளில் முதலில் கேட்கப்பட்ட பையன் துறவி, மடத்துத் தலைவர் விட மறுத்துவிட்டார். சரி, தீட்மார் போகட்டும். பாதிரி உடைக்கு மேல் சாதாரண உடையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அதற்குள் மாமன் கொள்ளையர்களுக்கு நன்றாக ஊற்றிக் கொடுத்து, முகம் கழுவுகிறவர் மாதிரிப் போய் ஒரு படகில் குதித்துத் தப்பிவிட்டார். ஆத்திரத்தில் அவர்கள் மிச்சமிருந்த பிணையாட்களின் மூக்கையும் காதையும் கையையும் வெட்டினார்கள். அதில் இன்னொரு மாமனின் மகனும் இருந்தான். இவர் போகும் முன்பே மாமன் தப்பியதால்தான் இந்த எட்டுப் பாகமும் நமக்குக் கிடைத்தது.

வால்பெக் என்ற ஊர் மடத்தின் தலைமைப் பதவியை அப்பாவின் சகோதரருக்கு நிலம் கொடுத்து வாங்கியதையும் ஒளிக்கவில்லை. பிறகு தன் சகோதரனின் மனைவியைப் புதைக்க இடம் வேண்டும் என்று, தனக்கு முன் அந்தப் பதவியில் இருந்த வில்லிகிஸின் எலும்புகளைத் தோண்டி அப்புறப்படுத்தினார். கொஞ்ச நாளில் நோயில் விழுந்தார். ஒரு ராத்திரி சத்தம் கேட்கிறது. யார் என்றால் வில்லிகிஸ்தான், உன்னால்தான் அலைகிறேன் என்கிறார். செத்த பிறகு படிக்கிறவர்கள் தனக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று இதையும் எழுதிவைத்துவிட்டார்.

மூலப்பிரதி டிரெஸ்டனில் இருக்கிறது. எழுத்தர்கள் எட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள், இவர் தன் கையால் திருத்தியும் சேர்த்தும் இருக்கிறார். 1945 குண்டுவீச்சின்போது தண்ணீர் பட்டு அது மோசமாகக் கெட்டுப்போனது. நல்லவேளை, 1905லேயே படமெடுத்து வைத்திருந்தார்கள்.

முரளி, இத்தனை நேரம் பிஷப் கதையைச் சொன்னது ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். மார்ச்சில் அப்பா போனபோது லீவு கிடைக்கவில்லை என்றேன். பொய். கேட்கவே இல்லை. டிக்கெட் விலையைப் பார்த்தேன், கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். நான் முதன்முதலில் ஊரை விட்டுக் கிளம்பினபோது என் பெட்டியைத் தலையில் வைத்து பஸ் மேல் ஏற்றினவர் அவர். கயிறு சரியில்லை என்று தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். அந்தப் பெட்டி இப்போதும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. உன் போனை எடுக்காததற்கு வேறு காரணமே இல்லை.

வருஷத் திதி எந்தத் தேதி என்று பார்த்து எழுது. மார்ச்சுக்கு லீவு சொல்லிவிட்டேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி தெரியும். வாசலில் வைத்துத் திட்டாதே, கலா முன்னால் கொஞ்சம் மானம் மிச்சமிருக்கட்டும்.

உன்,
சேகர்