பி சைடை அழித்தது மாடி வீட்டுப் பையன் இல்லை

அண்ணா,

புதன்கிழமை பத்திர ஆபீசுக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுகிறேன். இவ்வளவு நாள் ஏன் இழுத்தேன் என்று உனக்குத் தெரியும், இங்கே அது வேண்டாம். சித்தி பெண்கள் எல்லாரும் இதைப் படிக்கிறார்கள்.

போன வாரம் பரணை ஒழித்தபோது அம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் அந்த டிடிகே கேசட் இருந்தது. உன் பிரிட்டிஷ் ராக் குழுவின் ஆல்பம், 'லெட் ஸெப்பலின் 4' என்று நீ பச்சை மையில் எழுதிய அட்டையோடு. நீ குப்பையில் போட்டதை எடுத்துவைத்தது நான். அதன் பி சைடை அழித்ததும் நான்தான்.

1988 மார்கழி. காலேஜில் ஒருத்தி, டொரண்டோவிலிருந்து அவள் சித்தி கொண்டுவந்த, கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் கேசட்டை ஒரே ஒரு ராத்திரிக்கு என்று கொடுத்தாள். வீட்டில் காலி கேசட் இல்லை, கடையெல்லாம் மூடியிருந்தது. இல்லை, இதிலாவது உண்மையைச் சொல்கிறேன்: கடை திறந்துதான் இருந்தது, என்னிடம் காசு இல்லை. அப்பாவிடம் கேட்டால் எதற்கு என்பார். உன்னிடம் கேட்டால் சிரிப்பாய்.

யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பட்டைகளையும் நீ உடைத்து வைத்திருந்தாய். பி சைடுக்கான ஓட்டையில் பஸ் டிக்கெட்டை மடித்துத் திணித்து, மேலே செல்லோடேப் ஒட்டினேன். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ரெக்கார்ட், ப்ளே இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். ஒன்றும் கேட்காது. அந்தச் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் சக்கரம் இரண்டும் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு தடவை இருமினாள். ஸ்டாப்பை அழுத்தியபோது வந்த 'டக்' தெருமுனை வரை கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

பதிந்தது 1969-ல் வந்த ஜோனியின் 'க்ளவுட்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம், 'போத் சைட்ஸ் நவ்' பாட்டோடு முடிவது. உனக்குப் பிடித்த 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டு இருக்கும் ஏ சைடைத் தொடவில்லை. அந்த அளவுக்கு நியாயம் பார்த்தேன்!

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் கேசட்டை வாங்கிப் போயிருந்தது மாடி வீட்டுப் பையன். நீ மாடிப்படியில் நின்று அவரைக் கத்தினபோது நான் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அதோடு நம் வீட்டுப் படி ஏறவில்லை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவரும் இதைப் படிக்கக்கூடும். மன்னித்துவிடு. உன்னைவிட அவர்தான் மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் டேப் டெக் இருந்த அறையில் படுத்திருந்தவள் நான். உனக்கு என் மேல் ஒரு நிமிஷம்கூட ஏன் சந்தேகம் வரவில்லை? 'இவளுக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் என்ன தெரியும்' என்பதுதானே? நீ என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டிருப்பேன். அந்தப் பாட்டுகளை நீ இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு 'அழுமூஞ்சிப் பாட்டு' என்று சொல்லித் தூக்கி எறிந்தாய்.

போன மாதம் அனுப்பினாயே ஒரு வீடியோ. 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், 78 வயதில், நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜோனி 'போத் சைட்ஸ் நவ்' பாடுவது. கீழே நீ எழுதியிருந்தாய்: "கேட்டுப் பார். இதெல்லாம் நம்ம வயசுக்குத்தான் புரியும்." ஜோனியை எனக்கு நீ அறிமுகம் செய்கிறாய்! போனைச் சோபாவில் வீசிவிட்டேன்.

பிறகு பார்த்தேன். இரண்டு தடவை. 2015-ல் மூளையில் ரத்தக்குழாய் பாதித்துப் பேச்சு, நடை எல்லாம் திரும்பப் பழகியவள். கிதாரில் எங்கே விரல் வைக்க வேண்டும் என்று இணையத்தில் இருக்கும் தன் பழைய வீடியோக்களைப் பார்த்தே கற்றுக்கொண்டாளாம். அதற்கு அழுதேன், சரி. ஆனால் உன்னோடு ஒத்துப்போகவில்லை. வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று என்று அவள் எழுதியது 23 வயதில். வயதானவர்கள் எல்லாரும் 2000-ல் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு தடித்த குரலில் பாடியதைத்தான் உசத்தி என்கிறார்கள். எனக்கு 1969-தான். ஒன்றும் தெரியாத பெண்ணின் துணிச்சல் அதில்தான் இருக்கிறது.

அதையும் இப்போது அதிகம் கேட்பதில்லை. காலையில் கிரைண்டர் ஓடும்போது நான் போடுவது 'வென் தி லெவி பிரேக்ஸ்'. ஆமாம், உன் பாட்டு, உன் பி சைடின் கடைசிப் பாட்டு. ஜோனியின் அந்தப் பக்கம் உன்னுடையதைவிடச் சுமார் ஒரு நிமிஷம் குறைவு. அதனால் அவள் பாடி முடித்து, ஒரு 'டக்', உடனே நான் அழிக்காமல் விட்ட கடைசித் துண்டு டிரம்ஸ் இடிக்கும். கல்யாணம் வரை நூறு தடவை அப்படித்தான் கேட்டேன். அந்த டிரம்ஸை ஹெட்லி க்ரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேலே மாடியிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். மூலப்பாட்டு மிசிசிப்பியின் 1927 வெள்ளத்தை வைத்து 1929-ல் மெம்பிஸ் மின்னியும் கான்ஸஸ் ஜோ மெக்காயும் பதிந்தது. அதில் முக்கியக் கிதார் மின்னி, ஒரு பெண். இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை.

இன்னொன்று. நான் அழித்த நாலு பாட்டில் 'கோயிங் டு கலிஃபோர்னியா'வும் உண்டு. அது ஜோனியை நினைத்து எழுதியது என்பார்கள். கிதார் வாசித்து அழுது பாடும் பெண்ணைப் பற்றிய வரி வரும்போது, குழுவின் பாடகர் ராபர்ட் ப்ளாண்ட் மேடையில் அவள் பெயரையே சொல்லியிருக்கிறார். அவளுக்கான பாட்டை அவள் குரலை வைத்தே அழித்திருக்கிறேன். இது தெரிந்த அன்றைக்கு உனக்குத்தான் போன் செய்யத் தோன்றியது. செய்தால் மாட்டிக்கொள்வேனே.

டிவி சத்தம்கூட உனக்குத் தாங்கவில்லை என்று அண்ணி சொன்னாள். காதை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. எனக்கு நேர்மாறு. மாமனார் தூக்கம், பிள்ளைகள் பரீட்சை என்று முப்பது வருஷம் குறைத்துக் குறைத்தே கேட்டாயிற்று. இதற்கு மேல் எழுதினால் வீட்டில் கேள்வி வரும். நீ 22 வயதில் கதவைச் சாத்திக்கொண்டு அலறவிட்டாய், அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உன் காலேஜ் விழாவுக்கு நான் வரக் கூடாது என்று அவர் சொன்னபோது நீயும் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை கேசட்டோடு டெக்கையும் கொண்டுவருகிறேன், பெல்ட் மாற்றியாயிற்று. கையெழுத்து முடிந்ததும் காரிலேயே போட்டுக் கேட்போம். உன் காதுக்குத் தகுந்த மாதிரி வைக்கிறேன்.

மாடி வீட்டுக்காரர் நம்பர் உன்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். புதன்கிழமைக்கு முன்னால் அவரிடம் நீ பேசிவிடு. நான் பேசுகிறேன் என்று சொன்னால் மறுபடியும் இழுத்துக்கொண்டே போவேன்.