ஈயும் புள்ளியாகத் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த கென்யச் சிங்கங்கள் கட்டுரை, எருமைக்கன்றின் கதறலை ஒலிபெருக்கியில் போட்டு, தேடி வரும் சிங்கங்களை எண்ணுவதாகச் சொல்கிறது. அந்த முறை உண்டுதான். ஆனால் சின்னக் குட்டி வைத்திருக்கும் பெண் சிங்கம் சத்தம் கேட்டாலும் இடத்தைவிட்டு நகராமல் இருந்துவிடலாம். ஒருமுறை ஏமாந்தது மறுமுறை வருவதும் சந்தேகமே. வராதவை எத்தனை என்று ஊகித்துத்தான் பெருக்க வேண்டும்.

கென்யாவின் மசாய் மாரா காப்பகப் பகுதியில் 2014-ல் நடந்த கணக்கெடுப்பு வேறு வகை. ஒவ்வொரு சிங்கத்தையும் படத்தை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காண்பது. புலிக்கு வரி என்றால் சிங்கத்துக்கு மீசைப் புள்ளி. மீசைமுடி முளைக்கும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். உச்சி வரிசையில் சில புள்ளிகள்தான். அவை அடுத்த வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேர்மேலே, எந்த இரண்டுக்கு நடுவே இருக்கின்றன என்பதே அடையாளம். வயதானாலும் மாறாது. நைரோபி தேசியப் பூங்காச் சிங்கங்களை வைத்து 1970-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

படம் எடுப்பதில்தான் பாடு. முகம் சரியான பக்கவாட்டில் இருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். சீறினால் உதடு சுருங்கி வரிசை கோணிவிடும். காய்ந்த ரத்தத்துளியும் உட்கார்ந்திருக்கும் ஈயும் புள்ளியாகவே தெரியும். அடுத்தடுத்து நாலைந்து படம் எடுத்தால் ஈ இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இடது கன்னமும் வலது கன்னமும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு நாள் இடப்பக்கமும் இன்னொரு நாள் வலப்பக்கமும் மட்டும் கிடைத்தால் ஒரே சிங்கம் இரண்டாகிவிடும். இரவில் தானியங்கிக் கேமரா எடுக்கும் படத்தில் புள்ளி பெரும்பாலும் தெளிவாக விழாது. அதனால் பகலில் வண்டியில் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

வண்டி போன பாதை முழுவதும் ஜிபிஎஸ்ஸில் பதிவாக வேண்டும், சிங்கமே தென்படாத நாள் உட்பட. இல்லாவிட்டால் தேடியும் கிடைக்காத இடம் எது, தேடவே செய்யாத இடம் எது என்று பிரிக்க வழியில்லை. சுற்றுலா வண்டிகள் மொய்க்கும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்விட்டு அந்த அடர்த்தியைக் காடு முழுக்கப் பரப்பினால் கணக்கு ஊதிப்போகும்.

மாராவில் கிடைத்த விடை, 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 17 சிங்கங்கள். ஓராண்டு நிரம்பாத குட்டிகள் இதில் சேராது. அந்த வயதில் சாவு அதிகம், சேர்த்தால் எண் மாதத்துக்கு மாதம் ஆடும். உங்கள் கட்டுரையின் எண்ணிக்கையில் குட்டிகள் உண்டா இல்லையா என்று எங்கும் சொல்லவில்லை. அதைத் திருத்தமாக அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்