கைக்கு எட்டாத தாழ்ப்பாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி வீடியோ காலில் "அந்தமான் எப்படிப்பா இருந்துச்சு" என்று நீ கேட்டாய். "நல்லா இருந்துச்சும்மா, கடல் அவ்வளவு நீலம்" என்று சொல்லிவிட்டு போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அரை மணி நேரம் ஹேவ்லாக் பீச்சைப் பற்றிப் பேசினாள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு இருந்தது. போனில் அது வராது. எழுதினால் பெரிசாகத்தான் போகும், பேரனைத் தூங்க வைத்துவிட்டு ஆற அமரப் படி.

போன வருஷம் நீயும் மாப்பிள்ளையும் டப்ளினில் கில்மைனம் ஜெயிலைப் பார்க்கப் போய் போட்டோ அனுப்பினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, நீங்க சம்பளம் வாங்கிட்டுப் பாத்ததை நாங்க டிக்கெட் எடுத்துப் பாக்குறோம்" என்று கீழே எழுதியிருந்தாய். சிரித்தேன். ஆனால் அந்த போட்டோவை நாலைந்து தடவை பெரிசாக்கிப் பார்த்தேன் என்பதை உன்னிடம் சொல்லவில்லை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே நடுவில் ஒருவன் நின்றால் மூன்று மாடிக் கதவுகளும் தெரிகிற மாதிரி கட்டியிருந்தான். ஜெயில் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆகியும் கண் அங்கேதான் போகிறது. கலைநயம் எல்லாம் அப்புறம்தான்.

சரி, அந்தமானில் பார்த்த செல்லுலார் ஜெயிலுக்கு வருகிறேன்.

ஊர்ப் பெயரை 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்களைக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் வாய் நிறைய போர்ட் பிளேர் என்றுதான் சொன்னார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பதால் உங்கம்மாவுக்கு மொழிப் பிரச்சினையே இல்லை. நமக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். அந்தக் காலத்தில் கையிலும் காலிலும் விலங்கோடு கப்பலின் அடித்தட்டில் நாள்கணக்கில் கிடந்து வந்திருக்கிறார்கள். நம் ஊரில் பாட்டிகள் "தீவாந்திரத்துக்கு அனுப்பிட்டான்" என்று சொல்வது இந்த இடத்தைத்தான்.

முதல் கைதிகள் வந்தது 1858 மார்ச்சில், சிப்பாய்க் கலகம் அடங்கத் தொடங்கிய கையோடு. அப்போது இந்தக் கட்டடம் கிடையாது, தீவேதான் ஜெயில். கட்டடம் 1896-இல் ஆரம்பித்து 1906-இல் முடிந்தது. செங்கல் பர்மாவிலிருந்து வந்ததாம். காடு வெட்டி, கல் சுமந்து கட்டியது கைதிகளே. ஏழு பிளாக், ஒவ்வொன்றும் மூன்று மாடி, நடுவில் கோபுரம், சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. ஏறக்குறைய 700 அறை. ஒரு அறைக்கு ஒரே ஆள்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு நீ அடுத்த வரிக்குப் போய்விடுவாய், நான் அங்கேயே நின்றுவிட்டேன். நான் வேலை பார்த்த இடங்களில் ஒரு கொட்டடியில் ஐம்பது அறுபது பேர் கிடப்பார்கள். சண்டை, இரைச்சல், பீடிப் புகை, ஒருத்தன் காலில் இன்னொருத்தன் தலை. ஆனால் பேசத் துணை இருக்கும். தனி செல் என்பது தண்டனைக்குள் தண்டனை, சேட்டை செய்தவனுக்குச் சில நாள். இங்கே ஜெயில் முழுக்கவே தனி செல். பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஒரு பிளாக்கின் கதவுகள் அடுத்த பிளாக்கின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறான், எதிர் அறைக்காரன் முகம்கூடத் தெரியக்கூடாது என்று. ஏழு பிளாக்குக்கு மூன்று மாடி, மாடிக்கு ஒருத்தன் என்றால் இருபத்தொரு வார்டர் போதும் ராத்திரிப் பாராவுக்கு. நான் மனசுக்குள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது, யாருக்கும் தெரியாது என்றாலும்.

அப்புறம் அந்தத் தாழ்ப்பாள். இதை உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். கம்பிக் கதவிலிருந்து நீளமாக ஒரு இரும்புப் பட்டை, கதவோடு முடியாமல் பக்கத்துச் சுவருக்குள் போகிறது. சுவரில் ஒரு மாடக்குழி, விளக்கு வைக்கிற பிறை மாதிரி. பட்டையின் கொண்டி அந்தக் குழிக்குள்தான் மாட்டும், பூட்டும் அங்கேதான் தொங்கும். உள்ளே இருப்பவன் கம்பிக்கு வெளியே தோள் வரைக்கும் கையை விட்டாலும் விரல் அங்கே போகாது. நான் உள்ளே போய் நின்று கையை விட்டுப் பார்த்தேன். ஒரு முழம் பாக்கி இருந்தது. சாவியைக் கைதி கண்ணெதிரே உள்ளே வீசிவிட்டு, எடுத்தாலும் திறக்க முடியாமல் அவன் தவிப்பதை வேடிக்கை பார்ப்பார்கள் என்று கைடு சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாவியைக் கையை விட்டு விடுகிற வார்டரை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் சாவிக் கொத்தில் ஒன்று குறைந்தால் வேலை போய்விடும். கொடுமை நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை, கொடுமை இப்படி விளையாட்டாக நடக்காது என்கிறேன். அது டூட்டி மாதிரி நேரத்துக்கு நடக்கும்.

அறை, என் எட்டுக்கு நீளத்தில் ஆறு, அகலத்தில் மூன்று. பின்சுவரில் ஒன்றரை ஆள் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர். மேல்மாடி மொட்டைத்தளத்தில் ஏறி நின்றால் சுற்றிலும் கடல், எதிரே ராஸ் தீவு, தூரத்தில் நார்த் பே கலங்கரை விளக்கம். அறைக்குள் இருந்தவனுக்கு அந்தக் கடலில் ஒரு துண்டுகூடக் கிடையாது, சத்தம் மட்டும் வந்திருக்கும்.

முற்றத்தில் வேலைக் கொட்டகை ஒன்றில் செக்கு வைத்திருக்கிறார்கள், இழுப்பது போல ஒரு பொம்மையும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டும், நம் கணக்கில் பதின்மூன்று கிலோவுக்கு மேல். குறைந்தால் அடி. நம் ஊர் செக்கடியில் மாட்டுக்கே மத்தியானம் தண்ணி காட்டி நிழலில் கட்டுவார்கள். உங்கம்மா உடனே "வ.உ.சி." என்றாள். அவருக்கும் 1908-இல் கொடுத்த தீர்ப்பு 40 வருஷத் தீவாந்திரம்தான். அப்பீலில் குறைந்து, கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் கிடந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். செக்கு மட்டும் அவரை விடவில்லை, கோயம்புத்தூர் ஜெயிலிலேயே இழுக்க வைத்தார்கள்.

கைதியை விரட்டி வேலை வாங்கியது பெரும்பாலும் வெள்ளைக்காரன் இல்லை, பாப்பா. ஜெயிலர் டேவிட் பாரி மேலே உட்கார்ந்திருந்தார். கீழே கம்பெடுத்து நின்ற ஜமாதார், டிண்டல், பெட்டி ஆபீசர் எல்லாம் அதே கைதிகளிலிருந்து பொறுக்கி எடுத்தவர்கள். ஒரு பெல்ட்டும் அரை வயிறு கூடச் சோறும் கொடுத்தால் போதும், எங்கேயும் ஆள் கிடைக்கும். நான் அறிவேன்.

மூன்றாம் மாடியின் கோடியில் இருக்கிறது சாவர்க்கர் அறை. படம், மாலை, வரிசை. அவர் அண்ணன் கணேஷும் இதே ஜெயிலில்தான் இருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு இளைஞர்கள், அவர் எழுதிய கருணை மனுக்களைப் பற்றி வாக்குவாதம். ஒருவன் கோழை என்றான், இன்னொருவன் அது தந்திரம் என்றான். அவர் அரசியல் எனக்கு ஒத்துவராது, அது உனக்கே தெரியும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத எத்தனை பேருக்கு நான் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனு எழுதியவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதாமலே கிடந்தவர்களும் அங்கே உண்டு. இந்து பூஷண் ராய் 1912-இல் அறைக்குள்ளேயே தூக்குப் போட்டுக்கொண்டார். உல்லாஸ்கர் தத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவர்கள் பெயருக்கு வரிசை இல்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

1933 மே மாதம் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டது என்ன? ராத்திரி வெளிச்சம், படிக்கப் புத்தகம், மனுஷன் தின்கிற மாதிரி சாப்பாடு. ஆளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றியிருக்கிறார்கள். லாகூர் சதி வழக்கில் தண்டனை பெற்று வந்த மகாவீர் சிங் திமிறியதில் பால் நுரையீரலுக்குப் போய் இறந்துவிட்டார். அந்த மாதத்திலேயே மோகன் கிஷோர் நாமதாஸும் மோகித் மொய்த்ராவும். உடல்களைக் கல்லைக் கட்டிக் கடலில் போட்டதாகச் சொல்கிறார்கள். ஜெயிலுக்கு எதிரே பூங்காவில் மூன்று பேருக்கும் சிலை இருக்கிறது.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், நான் அப்போது இருந்த ஜெயிலில் ஒருவன் பரோல் கிடைக்கவில்லை என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டான். கெஞ்சினோம், மிரட்டினோம். பதினோராம் நாள் டாக்டர் வந்து மூக்கில் டியூப் விடச் சொன்னார். நாலு பேர் பிடித்தோம். எனக்கு வலது கால். கணுக்காலைச் சுற்றி என் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொண்டன, அவ்வளவு மெலிந்திருந்தான். டாக்டர் நிதானமானவர், பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். அவன் பிழைத்தான், தண்டனை முடிந்து நல்லபடியாக வெளியே போனான், போகும்போது எனக்குக் கும்பிடுகூடப் போட்டான். அவன் சாகக் கூடாது என்றுதான் பிடித்தோம். அதைத்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த உண்ணாவிரதத்தைப் பற்றி எழுதியிருந்த பலகை முன்னால் நின்றபோது அது போதவில்லை. 1933-இல் பிடித்தவனும் வீட்டுக்குப் போய் அதையேதான் சொல்லியிருப்பான். நடுக்கோபுரத்தில் சலவைக்கல்லில் கைதிகள் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார்கள், வங்காளம், பஞ்சாப் என்று நீளமாக. காலைப் பிடித்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இதை உங்கம்மாவிடம்கூட இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம் நடந்ததையும் கேள். 1942-இல் ஜப்பான்காரன் தீவைப் பிடித்ததும் இதே ஜெயிலை அவனும் பயன்படுத்திக்கொண்டான். 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அந்த நாளில், உள்ளூர் டாக்டர் திவான் சிங்கை உளவாளி என்று சொல்லி இதே கட்டடத்தில் வைத்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் இறந்துவிட்டார். கொடியேற்றியது எல்லோருக்கும் தெரிகிறது, இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெயில் ஆள் மாறினாலும் தன் வேலையைப் பார்க்கும்.

இப்போது மிச்சம் இருப்பது மூன்று பிளாக்தான். 1941 பூகம்பத்தில் கொஞ்சம், அப்புறம் இடித்தது கொஞ்சம். மீதியையும் இடித்திருப்பார்கள், அங்கே இருந்து வெளியே வந்தவர்களே எதிர்ப்புத் தெரிவித்துக் காப்பாற்றினார்களாம். 1979 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் வந்து தேசிய நினைவுச் சின்னம் ஆக்கினார். இடித்த இடத்தில் இன்று அரசு ஆஸ்பத்திரி ஓடுகிறது. அது எனக்குப் பிடித்திருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் டூரிஸ்ட், அந்தப் பக்கம் பிளாஸ்கில் கஞ்சி வாங்கிக்கொண்டு போகிற சனம்.

சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி. முற்றத்து அரசமரம் கதை சொல்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். சிவப்பு, நீலம் என்று விளக்குப் போட்டுச் சவுக்குச் சத்தத்தை ஸ்பீக்கரில் விடுகிறார்கள். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஜெயிலில் காதில் நிற்பது சவுக்குச் சத்தம் இல்லை, சாயங்காலம் ஆறு மணி லாக்கப் சத்தம். ஒவ்வொரு கதவாகச் சாத்தி, கொண்டி மாட்டி, பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கதவு. தலை எண்ணி முடித்து, கணக்கு ஒத்துவந்தால்தான் வீட்டுக்கு. ராத்திரி நம் வீட்டுக் கேட்டையும் நான் இழுத்துப் பார்ப்பேனே, நீ சின்னப் பிள்ளையில் என்னைக் கேலி செய்வாய்.

ஒன்று விட்டுப்போச்சு. மத்தியானம் ஒரு அறைக்குள் உங்கம்மா போய் நின்றுகொண்டு, "கதவைச் சாத்துங்க, எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்றாள். சுற்றி ஆளில்லை, கதவு கைக்கு வாகாகத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷம் சாத்தியவன். முடியாது, வெளியே வா என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, அவள் முகம் வாடிவிட்டது. அப்புறம் வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

பேரனுக்குச் சிப்பியில் செய்த ஒரு ஆமை வாங்கியிருக்கிறேன், சித்தப்பா வரும்போது கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அடுத்த தடவை கில்மைனம் பக்கம் போனால் எனக்காக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கூரை வேண்டாம், ஏதாவது ஒரு அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கிட்டத்தில் போய். வெளிப்பக்கம் ஒன்று, உள்ளே நின்று ஒன்று.

அன்புடன்,
அப்பா